கனகசபாபதியருக்குக் கொடுத்த வாக்கு

பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது அது வளர்ந்து என்ன ஆகும் என்று பெற்றவர்கள் யோசிப்பதில்லை. நீர்வேலிப் பிரகலாதனுக்கு அந்தப் பெயரை வைத்தவர்களும் யோசிக்கவில்லை. கடவுள் தூணிலும் இருக்கிறார், துரும்பிலும் இருக்கிறார் என்று அடித்துச் சொன்ன பிள்ளையின் பெயர் அது. இந்தப் பிரகலாதனோ தூணிலும் கண்டதில்லை, துரும்பிலும் கண்டதில்லை. இளவட்டமாக இருக்கும்போது விட்ட நம்பிக்கை, தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் திரும்பி வரவில்லை. அதை அவன் ஒளித்ததும் இல்லை, தம்பட்டம் அடித்ததும் இல்லை.

ஆனால் அவனுக்குச் சோறு போட்டது கடவுள்தான். வில்லிசைக்காரனுக்கு வேறு யார் போடுவார்? யாழ்ப்பாணத்தில் கோயில் திருவிழா இல்லாவிட்டால் வில்லிசை இல்லை. பங்குனி பிறந்தால் ஆவணி முடியும்வரை ஊர் ஊராக மேடை. பட்டு வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, நடுவில் வில், பக்கத்தில் உடுக்கும் குடமும் ஆர்மோனியமும். வீசுகோலை ஓங்கி வில்லில் தட்டி, முருகன் கிழவனாக வந்து வள்ளியை ஏய்த்த கதையை அவன் தொடங்கினால், கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருந்த சனம் கொறிப்பதை நிறுத்திவிடும். சிரிக்க வைப்பான். சிரித்த வாய் மூடுவதற்குள் அழவும் வைப்பான். இவனுக்குச் சாமி பக்தி கிடையாது என்று ஊருக்கு அரசல்புரசலாகத் தெரியும். கலைஞன் என்றால் கொஞ்சம் கிறுக்கு இருக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டார்கள்.

அப்படியே போயிருந்தால் அவன் பாடு சுகம். இளையதம்பி மாஸ்டர் செத்துக் கெடுத்தார்.

மாஸ்டர் பழைய இடதுசாரி. ஐயர் வேண்டாம், கிரியை வேண்டாம், உடம்பை மருத்துவபீடத்துப் பிள்ளைகள் வெட்டிப் படிக்கட்டும் என்று வீட்டுக்கும் ஊருக்கும் உயிரோடு இருக்கும்போதே சொல்லி வைத்தவர். இன்னது வேண்டாம் என்று சொன்ன மனிதர், அதற்குப் பதிலாக என்ன வேண்டும் என்று சொல்லாமல் போய்விட்டார். பந்தலுக்குக் கீழே சனம் கையைப் பிசைந்துகொண்டு நின்றது. கிரியை இல்லாத செத்த வீட்டில் எப்போது அழுவது, எப்போது எழும்புவது என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. "தம்பி, உமக்குத்தான் கதைக்கத் தெரியும். ஏதும் சொல்லும்" என்று யாரோ பிரகலாதனை முன்னால் தள்ளிவிட்டார்கள்.

வில் இல்லை, உடுக்கு இல்லை. தெரிந்தது அந்த ஒரு முறைதான் என்பதால், மாஸ்டரின் வாழ்க்கையையே வில்லிசைக் கதைபோலச் சொல்லத் தொடங்கினான். வில்லிசையில் தலைமைக்காரன் ஒரு வரி சொல்லி நிறுத்தினால் பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போடவேண்டும். அந்தப் பழக்கத்தில் இவனும் நிறுத்தினான். ஆமாப் போட ஆளில்லை. அவன் விழித்துக்கொண்டு நிற்க, மாஸ்டரிடம் பிரம்படி வாங்கிப் படித்த ஒருவர் பின்வரிசையில் இருந்து ஆமாவுக்குப் பதில் "ஓம்" என்றார். அடுத்த நிறுத்தத்தில் நாலைந்து பேர் சொன்னார்கள். முடிக்கும்போது பந்தலே ஓம் சொல்லியது. மருத்துவபீடத்து வான் வந்து மாஸ்டரை ஏற்றிக்கொண்டு போனபோது, அவரை நல்லபடி வழியனுப்பிவிட்டோம் என்ற நிறைவோடு சனம் கலைந்தது.

அன்று பிடித்தது விடவில்லை. எங்காவது ஒருவர் சடங்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் செத்தால் பிரகலாதனுக்குத்தான் தொலைபேசி வரும். பிறகு கல்யாணமும் வந்தது. குருநகர் லெனாட்டும் இணுவில் தாரிகாவும் கட்ட ஆசைப்பட்டார்கள். கோயிலுக்கும் போகமாட்டோம், தேவாலயத்துக்கும் போகமாட்டோம் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். பதிவாளர் கையெழுத்து வாங்கிய பிறகு, மினிபஸ்ஸில் ஒரு குடைக்காகத் தொடங்கிய அவர்களுடைய சண்டை கல்யாணத்தில் வந்து முடிந்த கதையைப் பிரகலாதன் சொன்னான். முகத்தை உர்ரென்று வைத்திருந்த இரண்டு பக்கத்துச் சம்பந்திகளும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள். "உங்கடை வேலைக்கு அங்கை பேர் இருக்கு அண்ணை. ஹியூமனிஸ்ட் செலிபிரன்ட் எண்டு சொல்லுறவை. படிச்சுப் பட்டம் எல்லாம் எடுக்கினம்" என்றாள் லண்டனில் இருந்து வந்திருந்த லெனாட்டின் அக்கா. ஊர் அவ்வளவு தூரம் போகவில்லை. 'சாமியில்லா ஐயர்' என்று அதுவே ஒரு பட்டத்தைக் கொடுத்தது.

இந்த வேலைக்கு இரண்டு கட்டளைகளைப் பிரகலாதன் தனக்குத்தானே போட்டுக்கொண்டான். செத்த வீட்டில் பொய் சொல்லக்கூடாது. குடிகாரனைக் குடிகாரன் என்று சொல்லமாட்டான், ஆனால் உத்தமன் என்றும் சொல்லமாட்டான். மற்றது, சடங்கு வேண்டாம் என்கிறவர் அதைத் தன் வாயால் வீட்டாருக்கு முன்னால் சொல்லவேண்டும். "எனக்குச் சொல்லிப் பிரயோசனம் இல்லை. வீட்டுக்குச் சொல்லுங்கோ" என்பான். சொல்லாதவருக்கு அவன் ஒப்புக்கொள்வதில்லை.

கோயில்காரர்களுக்கு இது பிடிக்குமா? செத்த வீட்டில் நின்றவன், அதுவும் தேவாரம் இல்லாத செத்த வீட்டில் நின்றவன், கொடியேறிய வீதியில் வந்து உட்கார்ந்து பாடுவதா என்று முணுமுணுப்பு எழுந்தது. வழக்கமாகக் கூப்பிடுகிற கோயில் ஒன்று கூப்பிடவில்லை. பிறகு இன்னொன்றும் கூப்பிடவில்லை. அவன் மனைவி கோபிகா அரிசிப் பானையைத் திறந்து பார்த்துவிட்டு வந்து நின்றாள்.

"இஞ்சாருங்கோ, ரெண்டு தோணியிலை கால் வைச்சால் கால்தான் கிழியும். ஒண்டை விடுங்கோ."

"எதை விட? மேடையை விட்டால் உலை கொதிக்காது. மற்றதை விட்டால் நான் வாய் திறந்து ஒரு உண்மை சொல்ல இடமில்லை."

சொல்லிவிட்டான். ஆனால் திருநீறு பூசும் விரல் அவனுக்குக் கூசத் தொடங்கியிருந்தது. அதற்காக மேடையை வெறுக்கவும் முடியவில்லை. வில்லுக்கு முன்னால் உட்கார்ந்தால் அவன் ராசாதான். கூண்டுக்குள் தானாகப் போய் உட்கார்ந்த கிளிபோல இருந்தான்.

அந்த நாட்களில் அவனைத் தாங்கிப் பிடித்த கை கனகசபாபதியருடையது.

கனகசபாபதியர் அயலூர் அம்மன் கோயிலின் தலைவர். அவருடைய தகப்பனும் தலைவர். ஆள் பனைபோல உயரம், பேச்சு எண்ணி வைத்ததுபோல. நிர்வாகக் கூட்டத்தில் பிரகலாதனை நிறுத்தவேண்டும் என்று செயலாளர் சண்முகநாதன் எழும்பியபோது, "நாங்கள் பாட்டுக்குத்தான் ஆளைப் பிடிக்கிறம், மாப்பிள்ளை எடுக்கேல்லை. ஏழாம் திருவிழா பிரகலாதனுக்கு" என்று முடித்துவிட்டார். அந்தக் கோயிலே அவனை வைத்திருக்கிறது என்று கேள்விப்பட்டு மற்றக் கோயில்களும் அடங்கின. நன்றி சொல்லப் போன பிரகலாதனிடம், திருவிழா முடியட்டும், ஆறுதலாகக் கதைப்போம் என்றார்.

தீர்த்தம் முடிந்து ஆளோய்ந்த ஒரு மத்தியானம் தேர்முட்டி நிழலில் அந்தக் கதை நடந்தது. தேர் நிற்கிற அந்த உயரமான கட்டடத்துக்குள் அவர்கள் இருவரையும் தவிர ஒரு குஞ்சும் இல்லை.

"தம்பி, நான் ஒருநாளும் கும்பிட்டதில்லை" என்றார் கனகசபாபதியர்.

பிரகலாதன் பகிடி என்று நினைத்துச் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

"கண்ணை மூடிக்கொண்டு நிப்பன். அவ்வளவுதான். அப்பா போனாப் பிறகு என்னைத் தலைவராக்கினவை. நம்பிறியோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. தலைவரிட்டை ஆர் அதைக் கேப்பினம்? பூசை முடிஞ்சால் முதல் காளாஞ்சி, அந்த மரியாதைத் தட்டு, எனக்குத்தான் தருவினம். வாங்கேக்கை ஒவ்வொருமுறையும் களவெடுத்த மாதிரி இருக்கும்."

"பேந்து ஏன் ஐயா விடேல்லை?"

"விட்டால் ஏன் எண்டு சொல்லவேணுமெல்லே?" அவர் தேர்ச் சில்லைத் தடவிக்கொண்டிருந்தார். "ஒருநாளைக்கெண்டாலும் பொய் இல்லாமல் இருக்க ஆசை, தம்பி. உயிரோடை ஏலாது. போற அண்டைக்கெண்டாலும் இருக்கட்டும். ஐயர் வேண்டாம், சுண்ணம் வேண்டாம். இளையதம்பி மாஸ்டருக்குச் செய்த மாதிரி நீர் நிண்டு உள்ளதைச் சொல்லிப்போட்டு அனுப்பிவிடும்."

"வீட்டிலை அம்மாவுக்குச் சொன்னனீங்களோ?"

"நாகேஸ்வரிக்கோ? நான் போனாப் பிறகு நீர் சொல்லும். ஏச்சு விழேக்கை நான் இருக்கமாட்டன் பாரும்." இப்போது சிரித்தார். உடனே அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. "ஓம் எண்டு சொல்லும் தம்பி."

எனக்குச் சொல்லிப் பிரயோசனம் இல்லை, வீட்டுக்குச் சொல்லுங்கோ. ஊரில் எத்தனையோ பேருக்குச் சொன்ன அந்த வசனம் அன்று வாயில் வரவில்லை. பாதி, அந்த மனிதரில் பிறந்த இரக்கம். மறுபாதி, ஏழாம் திருவிழா. இரக்கமும் பயமும் சேர்ந்து தள்ள, "ஓம் ஐயா" என்றான். மடையன்.

தவறு செய்தோம் என்று கோயில் வீதியைத் தாண்டுவதற்குள் உறைத்துவிட்டது. கார்த்திகையில் ஒருநாள் அதைச் சரிசெய்ய வீட்டுக்கே போனான். நாகேஸ்வரியம்மா தேத்தண்ணியும் பயத்தம் பணியாரமும் கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றா. நல்ல சந்தர்ப்பம்.

"ஐயா, அண்டைக்குத் தேர்முட்டியிலை சொன்ன விசயம்..." என்று தொடங்கினான்.

"ஓமோம், சவுண்ட் விசயம். போனமுறை மைக் இரைஞ்சது. ஆளை மாத்துவம்" என்றார் கனகசபாபதியர். அவருடைய கண் மட்டும் கெஞ்சியது.

திரும்பவும் தொடங்கினான். அவர் பந்தல்காரனைப் பற்றிக் கதைத்தார். சுகமாக இருக்கிற மனிதரின் வீட்டில், அவருடைய மனைவி பார்த்துக்கொண்டிருக்க, உங்கள் சாவைப் பற்றிக் கதைப்போம் என்று ஒருவன் எப்படிச் சொல்வான்? வாய் வைத்துவிட்டான் என்ற பழிதான் மிஞ்சும். தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பி வந்தான்.

மாசி மாதம், கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்த கனகசபாபதியர் வாளியோடு சரிந்தார். தூக்கும்போது உயிர் இல்லை.

கனடாவில் இருந்து மகன் சிவதர்ஷன் வரும்வரை உடம்பை வைத்திருந்தார்கள். பிரகலாதனுக்குத் தொலைபேசி எடுத்தவர் சண்முகநாதன். "நாகேஸ்வரி அக்கா சொன்னவா, சுண்ணத்துக்கு நீர்தான் வந்து பாடவேணுமாம். ரெண்டு சொல்லு கதைச்சுப்போட்டுப் பாடும். அவருக்கு உம்மிலை சரியான பற்று" என்றார்.

மஞ்சளும் நெல்லும் உரலில் இட்டு இடிக்க, பக்கத்தில் நின்று பதிகம் பாடுவார்கள். இடித்த சுண்ணத்தைச் செத்தவரின் உடம்பில் பூசுவார்கள். அவர் வேண்டவே வேண்டாம் என்றது அதைத்தான்.

"போய்ச் சொல்லப்போறன்" என்றான் கோபிகாவிடம்.

அவள் அவன் வேட்டியை மடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சொன்னால் இனி ஒரு கோயிலும் இல்லை. அது தெரிஞ்சுதான் சொல்லுறன், நீங்கள் சொல்லத்தான் வேணும்" என்றாள். "ஓம் எண்டு சொல்லிப்போட்டு வந்தனீங்கள். சொல்லாட்டி இனி எந்தச் செத்த வீட்டிலை நிண்டு நிமிர்ந்து கதைப்பியள்?"

மேடைக்காகச் சண்டை பிடித்தவளே அப்படிச் சொன்ன பிறகு, பின்வாங்குவதற்கு இருந்த ஒரே வழியும் அடைபட்டது.

ஊர் முழுவதும் வந்திருந்தது. மதிலில் கண்ணீர் அஞ்சலிப் பதாகைகள், ஒழுங்கை நெடுக வாகனங்கள். குருக்கள் கும்பம் வைத்து முடித்திருந்தார். கனடாச் சொந்தங்கள் பார்ப்பதற்காக ஒருவன் கைத்தொலைபேசியை முக்காலியில் பூட்டி, பிரேதத்துக்கு நேராக நிறுத்தியிருந்தான். பிரகலாதனைக் கண்டதும், பெண்களுக்கு நடுவில் இருந்த நாகேஸ்வரியம்மா முகம் கழுவப்போவதாகச் சொல்லிக்கொண்டு எழும்பி வந்தா. வீட்டுப் பின்பக்கம், குசினிச் சுவரோரம், இருவரும் தனியே நின்றார்கள்.

"அம்மா, ஐயா என்னட்டை ஒரு விசயம்..."

"தெரியும்" என்றா. "நீர் அண்டைக்குத் தேத்தண்ணியைப் பாதியிலை வைச்சிட்டுப் போனீரெல்லே. பேந்து பிடிச்சுக் கேட்டன். சொன்னவர்."

பிரகலாதனுக்கு ஒரு பாரம் இறங்கியதுபோல இருந்தது. இறங்கவில்லை என்று அடுத்த வார்த்தையில் தெரிந்தது.

"அவர் கும்பிடுறேல்லை எண்டு கலியாணம் கட்டின கிழமையே எனக்குத் தெரியும். கண்ணை மூடிப்போட்டு இடைக்கிடை அரைக்கண்ணாலை சனத்தைப் பாப்பார். நான் கேட்டதில்லை. அவருக்கும் சேத்து நான் கும்பிட்டனான்." சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா. "இப்ப அவர் போயிட்டார் தம்பி. அவருக்கு இண்டைக்கு ஒருநாள். எனக்கு மிச்சம் இருக்கிற நாள் முழுக்க இந்த ஊரிலை. சாமி இல்லை எண்டவனுக்கு முதல் காளாஞ்சி குடுத்தமோ எண்டு சனம் ஆரிட்டை வந்து கேக்கும்? அவரிட்டையோ? நாளைக்கு நான் கோயில் வாசல்லை எந்த முகத்தோடை நிக்கிறது?"

"அவருக்கு வாக்குக் குடுத்தனான் அம்மா."

"என்னைக் கேளாமல் குடுத்த வாக்கு." குரல் உயரவில்லை. "நீர் சொல்லுறதெண்டால் சொல்லும். நான் மறிக்கேல்லை. ஆனால் சொல்லிப்போட்டு நீர் உம்மடை வீட்டை போயிடுவீர்."

அவ உள்ளே போய்விட்டா. மறித்திருந்தால் அவன் மீறியிருப்பான். காலில் விழுந்து கெஞ்சியிருந்தாலும் வாக்குத்தான் பெரிது என்று நின்றிருப்பான். இப்படிக் கதவைத் திறந்துவிட்டுப் போனால் என்ன செய்வது? சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அழுகை வந்தது. அது செத்தவருக்கான அழுகை இல்லை.

பந்தலுக்குள் உரலைக் கொண்டுவந்து வைத்தார்கள். விரலில் தர்ப்பையோடு சிவதர்ஷன் தகப்பனின் தலைமாட்டில் நின்றான். ஒலிவாங்கி பிரகலாதனின் கைக்கு வந்தது.

"எண்ணிக் கதைக்கிற மனிசன்" என்று தொடங்கி, பழக்கப்படி நிறுத்தினான்.

"ஓம்" என்றது சனம். அவனுடைய முறை இதற்குள் ஊருக்குப் பாடமாகியிருந்தது.

"என்னை வேண்டாம் எண்டு எல்லாரும் சொல்லேக்கை வேணும் எண்டு சொன்னவர்."

"ஓம்." சண்முகநாதன் தலையைக் குனிந்தார்.

"ஒருத்தருக்கும் தெரியாத பாரம் ஒண்டைக் கனகாலம் தனியத் தூக்கினவர்."

"ஓம்" என்றார்கள். எந்தப் பாரம் என்று யாரும் கேட்கவில்லை. செத்தவர் எல்லாருக்கும் ஒரு பாரம் இருந்திருக்கும்தானே.

இதுவரை சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அடுத்த வரியில் அவன் சொல்ல வேண்டியது இருந்தது.

"தேர்முட்டியிலை வைச்சு, ஐயா என்னட்டை ஒண்டு கேட்டவர்."

நிறுத்தினான். இந்தமுறை சனம் ஓம் சொல்லவில்லை. என்ன கேட்டார் என்று அறிய அத்தனை முகமும் அவனை நோக்கித் திரும்பியது. சிவதர்ஷன் நிமிர்ந்து பார்த்தான். கனடாவும் பார்த்துக்கொண்டிருந்தது. நாகேஸ்வரியம்மா மட்டும் பார்க்கவில்லை. கணவனின் கால்விரலை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தா. கடைசி விரலுக்கு வந்ததும் திரும்பவும் முதலில் இருந்து தொடங்கியதை அவன் கண்டான்.

"நான் போற அண்டைக்கு நீர் வந்து பாடவேணும் எண்டு கேட்டவர்" என்றான்.

"ஓம்" என்றது பந்தல்.

உலக்கை விழுந்தது. அவன் பாடினான். எத்தனையோ திருவிழாக்களில் பாடிய தொண்டை, அன்றுபோல ஒருநாளும் திறந்ததில்லை. கல்லும் கரையும் என்பார்களே, அப்படிப் பாடினான். சண்முகநாதன் வாய்விட்டு அழுதார். பாட்டு முடிந்ததும் வந்து அவன் கையைப் பிடித்து, "ஏழாம் திருவிழா உமக்குத்தான், நான் இருக்குமட்டும்" என்றார். பிரகலாதன் கையை இழுக்கவில்லை. அவமானம் மேலெல்லாம் ஊர்ந்தது.

பறை முழங்கப் பிரேதம் வாசல் படலையைத் தாண்டியது. ஆண்கள் சுடலைக்கு நடந்தார்கள். பெண்கள் படலையில் நின்று தலையில் அடித்துக் குழறிவிட்டு உள்ளே திரும்பினார்கள். பிரகலாதன் சுடலைக்குப் போகவில்லை. செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவனுக்குக் கிட்ட நாகேஸ்வரியம்மா வந்தா.

"தம்பி, நீர் சொன்னது அவருக்குக் கேட்டிருக்குமோ?"

அவவின் முகத்தில் பயம் இருந்தது. முப்பத்தோராம் நாள் சடங்கு கழியும்வரை ஆவி வீட்டைச் சுற்றி நிற்கும் என்று நம்புகிறவ. அவனைச் சொல்லவிடாமல் செய்தது தான்தான் என்று அந்த ஆவிக்குத் தெரிந்திருக்குமோ என்று பயப்படுகிறவ. யாராக இருந்தாலும் கேட்டிருக்கும், குளிர்ந்திருப்பார் என்றுதான் ஒரு விதவைக்குச் சொல்வார்கள்.

"இல்லை அம்மா, கேட்டிராது" என்றான் பிரகலாதன். "செத்த ஆளுக்கு ஒண்டும் கேக்காது."

"உண்மையாவோ?"

"உண்மையா."

நாகேஸ்வரியம்மா நீளமாக மூச்சு விட்டா. "அப்ப காணும், இனிப் போதும். அது ஒண்டுதான் கிடந்து நெஞ்சுக்கை இடிச்சது" என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, வீடு கழுவும் பெண்களோடு சேர்ந்துகொண்டா.

அவனுடைய அவநம்பிக்கை, நம்புகிற ஒருத்திக்கு ஆறுதலாகப் போய்விட்டது. அவனுக்கு ஆறுதல் தர யாரும் இல்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒழுங்கையால் வந்தான். சந்திக் கடை வாசலில் நாலு பேர் ஒரு கைத்தொலைபேசியைச் சுற்றி நின்றார்கள். செத்த வீட்டு வீடியோ அதற்குள் ஊரைச் சுற்றத் தொடங்கியிருந்தது.

"நான் போற அண்டைக்கு நீர் வந்து பாடவேணும் எண்டு கேட்டவர்" என்றது அவனுடைய குரல்.

"இதிலை பாருங்கோ, இதிலைதான் நான் அழுதனான்" என்று ஒருவர் அதைத் திரும்பவும் போட்டார்.